கெட்டிமேளத்துக்குப் பதிலாக ஒரு டொங்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கொஞ்சம் லேட்டாக வந்தால் சமாளித்துவிடலாம். கெட்டிமேளம் லேட்டாக வந்தால் முடியாது. தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது தும்மினாலும் அழுதாலும் அது காதில் விழக் கூடாது. அதற்குத்தான் அந்தச் சத்தம்.

அப்போது ரங்கூனில் நம் ஆட்களுக்கு நாதஸ்வரக் குழு கிடைப்பது கஷ்டம். கேசட்தான். அந்தக் கேசட்டைப் போடுகிறவன் நான். மைக் செட் மாணிக்கம். நான்கு ஹாரன், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு டேப், கரண்ட் போனால் ஒரு கார் பேட்டரி. (கரண்ட் போகும். அதில் சந்தேகமே வேண்டாம்.)

முப்பத்தாறு வயது. மிங்கலாடோன் பக்கம் ஒரு அறையில் தனியாக இருந்தேன். ஊருக்கெல்லாம் சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

பக்கத்து அறையில் கோ மின் என்று ஒரு பர்மாக்காரர். கப்பலில் வேலை. ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ஒரு கேசட் கொடுத்தார். சூயஸ் கால்வாயில் கப்பலுக்குக் கயிறு பிடிக்க வந்த ஆளிடம் சிகரெட் கொடுத்து வாங்கினாராம்.

"அரபுப் பாட்டா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். கோவிச்சுக்கிட்டான். நூபியாவாம். அணை கட்டுனப்ப அவங்க ஊரு தண்ணிக்குள்ள போயிருச்சாம். பாட்டுதான் மிச்சமாம்."

"எனக்கு எதுக்கு?"

"எனக்குத் தூக்கம் வருது. உனக்குச் சரியா இருக்கும். நீயும் இப்படித்தான பேசுற."

அட்டையில் ஒரு கிழவர். மடியில் ஊத் என்று ஒரு வாத்தியம். பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கம்பி கட்டின மாதிரி.

முதலில் டேப் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டொங் என்று ஒரு தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. டேப்பைத் திறந்து துடைத்தேன். மறுபடி டொங். பிறகு கிழவர் அவசரமே படாமல் இரண்டு வரி பாடினார். ஊத் அந்த இரண்டு வரியைத் திருப்பிச் சொன்னது. ஒருவர் பேச ஒருவர் கேட்கிற மாதிரி. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில் சும்மா இருந்தார்களே, அது புரிந்தது.

தினமும் சோறு பொங்கும்போது போடுவேன். அறையில் இன்னொரு ஆள் இருப்பது போல இருக்கும்.

த்வாண்டேயில் இருக்கும் என் அக்காவின் நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. கோயில் மண்டபம். மைக் செட் நான்தான். அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"லைங் தாயாவிலேருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. பொண்ணு தையல் பேக்டரியில வேல. உன்னயப் பாக்கத்தான் வர்றாங்க. தலையச் சீவு. ரெண்டு வார்த்த பேசு. அதுக்கு மேல பேசுனாலும் யாரும் அடிக்க மாட்டாங்க."

சீவினேன். எண்ணெய் அதிகமாகி நெற்றியில் வழிந்தது. (பயத்தில் வேர்க்கிறது என்று நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.)

காலையில் மண்டபத்தில் யாரும் இல்லை. ஹாரனைச் சோதித்துப் பார்க்க ஊத் கேசட்டை மெதுவாகப் போட்டேன். அவ்வளவு பெரிய இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள் வந்தார்கள். கரண்ட் போனது. பேட்டரிக்கு மாற்றினேன். கேசட்டை மாற்றக் கை வைத்தபோது அக்கா ஓடி வந்தாள்.

"வந்துட்டாங்கடா. மூணாவது வரிச. பச்சப் பொடவ. உடனே பாக்காத."

உடனே பார்த்தேன். பக்கத்துக் குழந்தையின் கிழிந்த பாவாடைக்கு அவள் ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை நெளிந்தது. அவள் அதன் காதில் ஏதோ சொன்னாள். அது சிரித்தது. எனக்குக் கேசட் மறந்துபோனது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" ஐயர் விரலை ஆட்டினார்.

சத்தத்தை முழுக்கத் திருப்பிப் பட்டனை அமுக்கினேன்.

டொங்.

ஐயரின் விரல் அப்படியே நின்றது. மாப்பிள்ளை ஒரு முடிச்சோடு நின்றார். அட்சதை கையிலேயே இருந்தது. இன்னொரு டொங். கிழவர் பாட ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒரு பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்தி, "யாரு போயிட்டா?" என்றாள். தெருவில் போன இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துக்க முகத்தோடு உள்ளே வந்தார்கள்.

என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. நம் கல்யாணத்தில் அத்தனை பேரும் ஒன்றாக வாயை மூடி நான் பார்த்ததில்லை. கிழவர் நிறுத்தினார். ஊத் பதில் சொன்னது. நான் ஒருத்தனே கேட்ட பாட்டை ஊரே கேட்கிறது. மடையன் மாதிரி நின்றேன்.

"டேய் மாணிக்கம்! நிப்பாட்டுடா பாவி!" அக்கா கத்தினாள்.

நிறுத்தினேன். சரியான கேசட்டைப் போடும்போது கால் பட்டுப் பேட்டரி ஒயர் கழன்றது. இப்போது எந்தச் சத்தமும் இல்லை. அதற்குள் சமையல்காரர் ஓடி வந்து அண்டா மூடியைக் கரண்டியால் அடித்தார். பின்னாலேயே அவருடைய ஆட்களும். அந்தச் சத்தத்தில் மீதி முடிச்சு விழுந்தது.

சாப்பாடு முடிந்து பெண்ணின் அப்பா அக்காவிடம் சொன்னார். "தம்பி அமைதியான ஆளுதாம்மா. ஆனா நல்ல காரியத்துல இப்புடி ஒரு பாட்டுன்னா... மனசு ஒப்பல."

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பச்சைப் புடவை பக்கத்தில் வந்து நின்றது.

"அது என்னா பாட்டு, அண்ணே?"

அண்ணே. அதோடு முடிந்தது.

சொல்ல எவ்வளவோ இருந்தது. கப்பல், கயிறு, தண்ணிக்குள் போன ஊர். "நூபியா," என்றேன்.

"நல்லாருந்துச்சி." அப்பா கூப்பிட்டார். போய்விட்டாள்.

(அக்கா ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாள். இன்னும் ஒன்று பாக்கி.)

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் என்னை டொங் மாமா என்கிறார்கள். நான் அதே அறையில்தான். சோறு பொங்கும்போது அதே கிழவர்தான்.

எங்கள் குடும்பக் கல்யாணங்களில் என்னை மெஷின் பக்கம் விடுவதில்லை. ஆனால் அண்டா மூடி இப்போது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு நல்ல செட் வந்தாலும் மூடி அடித்தே ஆக வேண்டும். "மொத அடி டொங் மாமாவுக்கு!" என்று கரண்டியைக் கையில் கொடுப்பார்கள்.

ஒரு அடி அடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு எனக்காகப் பொறுத்திருப்பார்கள். கிழவர் சும்மா இருந்த நேரம் அளவுக்கு நானும் சும்மா இருப்பேன். அப்புறம் கரண்டியைத் தூக்குவேன். எல்லா மூடியும் சேர்ந்து அடிக்கும்.