மச்சச் சட்டியும் மாமாவின் சட்டமும்

"ஐரோப்பாவில இனிச் சோயாவுக்கு இறைச்சியெண்டு பேர் வைக்கேலாதாம். சட்டம் வருதாம்."

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில், பனிச் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னது இது. எங்களுக்குச் சொன்னதல்ல. ஆனாலும் மாமா ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பிள்ளையாருக்கு முன்னால் நின்றபோது வராத வெளிச்சம் இப்போது முகத்தில் வந்திருந்தது.

மாமா என்றால் என் கணவரின் அப்பா, இராஜரட்ணம். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து, கனடாவின் ஸ்காபரோவில் இவர்கள் வீட்டுக்கு நான் வந்த முதல் பனிக்காலம் அது.

மாமாவின் துயரம் ஆட்டிறைச்சி சம்பந்தப்பட்டது. இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை மாமி ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை ஆக்கினார். ஆடு வராத கிழமையில் சோயாமீற் வந்தது. அதைச் சோயா என்று சொல்லிப் போட்டிருந்தால் மாமா பொறுத்திருப்பாராம். மாமி இரண்டையும் "ஆட்டிறைச்சிப் பிரட்டல்" என்றே சொல்லிப் போட்டார். மாமாவும் சோயா வந்த ஒவ்வொரு கிழமையும் தவறாமல் கண்டுபிடித்து, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். தன் நாக்கு லேசுப்பட்ட நாக்கு இல்லை என்பது அவர் கட்சி.

காரில் ஏறியதுமே மாமியை நோக்கிப் பிரகடனம் வந்தது.

"ஜெயமலர், இண்டையிலயிருந்து எங்கட வீட்டிலயும் அந்தச் சட்டம்தான். சோயாவை இறைச்சியெண்டு சொல்லக்கூடாது."

"சட்டம் ஆருக்கு?" என்று மாமி கேட்டார்.

"ஏமாறுற சனத்துக்கு."

"நீங்கள் ஏமாறுறனீங்களோ?"

"நானோ? கண்ணைக் கட்டிவிட்டாலும் எது ஆடு, எது சோயா எண்டு சொல்லுவன்."

"அப்ப உங்களுக்கு என்னத்துக்குச் சட்டம்?"

மாமா இதற்குப் பதில் தேடியதில் இறங்கவேண்டிய எக்ஸிற் பின்னால் போய்விட்டது. சுற்றி வளைத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஓர் ஒப்பந்தம் உருவாகியிருந்தது. வருகிற ஞாயிறு இரண்டு கிண்ணத்தில் இரண்டு கறி. மாமா சரியாகச் சொன்னால் சோயா இனி வீட்டுக்குள் வராது, கிழமைக்குக் கிழமை ஆடு. பிழையாகச் சொன்னால் இனி ஆடே வராது. "ஆனா சட்டத்தைத் தருவன்," என்றார் மாமி. மாமா அன்று பின்னேரமே, முன் வீட்டுச் சீமோன் அண்ணையை அதற்கடுத்த ஞாயிறு ஆட்டுக்கறி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். வெற்றியில் அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. மாமியின் வீட்டில் மச்சம் காய்ச்சும் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அகப்பைகூட வேறு. மீனுக்கும் இறைச்சிக்குமான மச்சச் சட்டி குசினிப் பக்கமே வராது. அதன் குடித்தனம் கராஜில், காஸ் அடுப்பின்மேல். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற மாமி, மரக்கறிச் சட்டியில் இறைச்சி போடுவார் என்று கனவிலும் நினைக்க முடியாது. மாமாவின் நாக்கு இதுவரை செய்ததெல்லாம், கராஜ் அடுப்பு எரிகிறதா என்று அவருடைய கண் பார்த்துச் சொன்னதைத் திருப்பிச் சொன்னதுதான்.

அந்த ஞாயிறு பனி கொட்டவில்லை. ஆனாலும் மாமா பனி அள்ளும் சவளைத் தேடிக்கொண்டு கராஜுக்குப் போனார். மச்சச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சவள் இல்லாமலே திரும்பி வந்தார். மாமி கறியை மாற்றும் நேரம் பார்த்து அவருக்குத் தண்ணீர் விடாய்த்தது. கராஜ் சட்டிக் கறி நீலக் கிண்ணத்துக்குப் போவதையும், குசினிச் சட்டிக் கறி வெள்ளைக் கிண்ணத்துக்குப் போவதையும் வாசலில் நின்று பார்த்தபடி, ஒரு கிளாஸ் தண்ணீரை மிக மெதுவாகக் குடித்தார்.

மேசையில் இருந்ததும் தன் கண்ணைக் கட்டச் சொன்னார். தேவையில்லை, கண் தன் வேலையைப் பார்க்கட்டும் என்றார் மாமி.

மாமா நீலக் கிண்ணத்தில் ஒரு துண்டு எடுத்தார். தானாகவே கண்ணை மூடினார்.

"ஆடு. இளம் கிடாய். முன்னந்தொடை."

வெள்ளைக் கிண்ணம். "சோயா. சட்டி கழுவிற ஸ்பொஞ்ச் மாதிரிக் கிடக்கு."

அவசரப்படாமல் சொல்லுங்கோ என்றார் மாமி. மாமா நீலத்தில் இன்னும் இரண்டு துண்டு எடுத்தார். அந்தக் கிடாய் தீவனம் தின்று வளர்ந்ததல்ல, பச்சைப் புல் தின்று ஓடித் திரிந்தது என்பதும் இப்போது தெரிந்தது.

மாமி குப்பைக் கூடையிலிருந்து இரண்டு வெற்றுப் பைக்கற்றுகளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார். இரண்டும் சோயாமீற்.

"அதெப்பிடி? நீர் மச்சச் சட்டியிலயெல்லோ காய்ச்சினீர்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது.

மாமி சிரிக்கவில்லை. "மச்சச் சட்டியில சோயா காய்ச்சக்கூடாதெண்டு எந்த நாட்டில சட்டம்? மரக்கறிச் சட்டிக்குள்ளதான் நான் ஆட்டைப் போடமாட்டன்." பிறகு பைக்கற்றுகளை மடித்தபடி, "நீங்கள் கேட்டது சரி. உங்களுக்குச் சட்டம் வேணும்தான்," என்றார்.

சட்டம் அன்றே அமுலுக்கு வந்தது. மாமி அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். "சோயா போடட்டோ?" என்றுதான் அந்தக் கிழமை முழுவதும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு சீமோன் அண்ணை வந்தார். மாமா அவரைத் தடுக்கப் பல தடவை போனை எடுத்து, பல தடவை திரும்ப வைத்திருந்தார். சீமோன் அண்ணை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வயிற்றை வெறுமையாக வைத்துக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். மேசைக்கு நடுவில் கறி ஆவி பறந்தது. றம்பை இலையும் பெருஞ்சீரகமும் மணத்தன. அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதுவோ அந்த ஆடு?"

"எனக்குச் சொல்ல உத்தரவில்லை," என்றார் மாமி. "சட்டம் போட்டவரைக் கேளுங்கோ."

மாமா மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.

மாமா எழுந்து அகப்பையை எடுத்தார். "ஆடுதான் சீமோன், இளம் கிடாய்," என்று சொல்லி, நிறைய அள்ளிச் சீமோன் அண்ணையின் கோப்பையில் போட்டார்.