கொள்ளுக்காரரும் கணக்கு வாத்தியாரும்

மைசூர் சமஸ்தானத்தில் வயதானவர்களின் தொடையைக் கிள்ளிப் பார்த்து நலம் விசாரித்த ஒரே மனிதர் எங்கள் தெருக் கொள்ளுக்காரர்தான். கொள்ளேகால் பக்கத்துக்காரர். குதிரை லாயத்தில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ஒரு கை வேகவைத்த கொள்ளை நீட்டியிருப்பார்.

நான் அப்போது டிஸ்பென்சரியில் காம்பவுண்டர். நான் கலக்கும் டானிக்கை முகர்ந்து பார்த்து, "ஏனுங்க காம்பவுண்டரே, இதைக் குடிச்சா குதிரை எந்திரிக்குமா?" என்பார்.

"இது மனுஷனுக்கு."

"அப்ப மனுஷன் எந்திரிப்பானா?"

ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாம் தடவை ரசத்துக்குச் சோறு கேட்டார். கொள்ளுக்காரர் எழுந்து போய்ப் பரிமாறுகிறவரின் கையைப் பிடித்தார். "சோறு போதும். இவருக்குக் கறியைப் போடுங்க, பின்னங்கால் வத்திப்போச்சு!" சம்பந்தி வீட்டாரைச் சமாதானம் செய்ய மாலைவரை ஆயிற்று.

என் மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மாமியார் இறந்தபின், "வயசானவனுக்குக் கஞ்சி போதும்" என்று மூன்று வேளையும் அதையே குடித்தார். சட்டை தொளதொளத்தது. நாற்காலியிலிருந்து எழ ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் முற்றத்தில் விழுந்தார். எலும்பு தப்பியது. "வயசு, வேறொன்றுமில்லை" என்றார் டாக்டர். என் மனைவி அமலி சமையலறைக்குள் போய் அழுதாள்.

சேதி கேட்டு வந்த கொள்ளுக்காரர் நேரே மாமாவின் தொடையைக் கிள்ளினார்.

"என்னைக் குதிரைன்னு நெனச்சியா?" என்று மாமா சீறினார்.

"குதிரைன்னா சொன்ன பேச்சு கேக்குமுங்க. நீங்க கழுதையாட்ட அடம் புடிக்கறீங்க!"

அன்று முதல் தினமும் வந்தார். முதலில் கொள்ளு ரசம், பிறகு கொள்ளு, பிறகு இரண்டு முட்டை. சாப்பிட்டதும் மாமாவின் இடுப்பில் துண்டைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, நாக்கைச் சொடுக்கியபடி முற்றத்தைச் சுற்றி நடத்துவார். மாமா கன்னடத்திலும் தமிழிலும் மாறிமாறித் திட்டுவார். திட்டத் தெம்பு வந்ததே என்று அமலி சிரித்தாள்.

"உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்று ஒருநாள் கேட்டேன். கையிலிருந்த துண்டை மடித்தபடி சொன்னார்.

"லாயத்துல ஒரு வெள்ளைக் குதிரைங்க. வயசாயிருச்சு, இனிப் புல்லு போதும்னாங்க. நானும் கொள்ளை நிறுத்திட்டேன். நாலு மாசத்துல படுத்துருச்சு. வயசுன்னுதான் சொன்னாங்க. அது பசிங்க, காம்பவுண்டரே. எனக்குத் தெரியாமப் போச்சு."

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா யார் கையையும் பிடிக்காமல் மாதா கோயில் படிகளில் ஏறினார். உள்ளே பூசை நடக்க, வெளியே நின்ற கொள்ளுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் அந்தக் கால்களைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் கொள்ளுக்காரர் தன் மகள் வீட்டுக்கே போய்விடுவதென்று கிளம்பினார். மாமா ஒருமுறைகூட நன்றி சொன்னவரில்லை. அன்று அவருடைய மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு மோட்டார் ஸ்டாண்டுவரை நடந்தார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் தலை நீண்டது. "வாத்தியாரே! முட்டையை விட்றாதீங்க!"

பஸ்ஸே சிரித்தது. மாமா சரியென்று தலையாட்டினார். பஸ் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.