வாசலில் நின்ற செய்ரேன்

“என் பொண்டாட்டிக்கு எதுக்குப்பா கோழிக்கால்?” என்றார் சோசிப்போஸ்.

சிற்பி மிக்கியோன் உளியைக் கீழே வைத்தான். “செய்ரேன் சிலைன்னா அப்படித்தான்யா. தலை பொம்பளை, உடம்பு பறவை. கல்லறை மேல நின்னு அழும்.”

“கால் இருந்துட்டுப் போகட்டும். முகம் அவளோடதா இருக்கணும். இல்லேன்னா நான் யாரைப் பாத்து அழறது?”

அங்கேதான் சிக்கல். ஏதென்ஸில் ஒருவன் மனைவியின் முகத்தை அந்நிய ஆண் பார்ப்பதில்லை. செத்துப்போன நிக்கரெத்தேயை மிக்கியோன் கண்டதே கிடையாது. சோசிப்போஸ் முதல் நாள் தேம்பித் தேம்பிச் சொன்னதை வைத்துக் களிமண்ணில் ஒரு மாதிரி செய்தான். தூக்கிய ஒரு புருவம், எட்டிப் பார்க்கும் முன்பல், தாடையில் மரு.

“சேச்சே, இவளா? அவ அழகிப்பா!”

களிமண்காரி பட்டறை வாசலுக்குப் போனாள். அவள் இறக்கையில் மிக்கியோன் தன் வெங்காயப் பையை மாட்டினான். பிறகு பளிங்கில், பல்லும் மருவும் இல்லாமல் ஆரம்பித்தான்.

“புருவத்தை இறக்கு. முறைக்கிறா.”

இறக்கினான். தூங்கி வழிந்தாள்.

“கண்ணைத் திற.”

திறந்தான். திருடனைக் கண்டவள்போல் விழித்தாள்.

“மூக்கு கூரா இருக்கட்டும்.”

கூராக்கினான்.

“அடப்பாவி, இப்ப முழுக் கோழியாவே ஆக்கிட்டியே!”

மூக்கைத் தேய்த்தான். கன்னம் பெருத்துத் தெரிந்தது. கன்னத்தையும் தேய்த்தான். பளிங்கில் குறைக்கலாம், கூட்ட முடியாது. முப்பதாம் நாள் காலையில் முகம் உரித்த முட்டையாக மின்னியது.

சோசிப்போஸ் வெகுநேரம் பார்த்தார். “அழகாத்தான் இருக்கா. அழுகை வரமாட்டேங்குதே. அவ முகம் எனக்கு மறந்துபோச்சா மிக்கியோன்?”

மிக்கியோன் கையிலிருந்த பளிங்குத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தான்.

“உங்க வேலைக்காரி மால்தாக்கே இப்ப எண்ணெய் கொண்டுவருவாள்ல, வரட்டும்யா. அம்மாகூடவே இருபது வருஷம் இருந்தவ. அவ சொல்லட்டும்.”

கல்லறைக்கான எண்ணெய்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அந்த வேலைக்காரி உள்ளேயே வரவில்லை. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். குடம் தரையில் இருந்தது. வெங்காயப் பையைக் கழற்றி வீசிவிட்டு, தன் போர்வையைக் களிமண் தலைமேல் போர்த்திக்கொண்டிருந்தாள்.

“ஏன்யா, எங்க அம்மாவை இப்படி வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க?”