ஏரிக்கு ஒரு பெர்மிட்

நாற்பத்தாறு வயதில் மனிதனுக்கு என்னென்னவோ ஆசை வரும். சிலர் மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள். சிலர் தலைக்குச் சாயம் அடித்துக்கொள்வார்கள். தியாகுவுக்கு, உறைந்துபோன ஏரியின் மேல் சறுக்க வேண்டும் என்று வந்தது. அதுவும் அபுதாபிப் பாலைவனத்தில், ருவைஸில் உட்கார்ந்துகொண்டு வந்தது.

ருவைஸில் ஐஸ் என்றால் டம்ளரில் போடுவது. ஏரி என்றால் குழாய் வெடித்த மறுநாள் சாலையோரம் நிற்பது. இருபது வருடமாக அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிற தியாகு, ஒரு மதியம் ஏசி அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்லாந்தில் ஏதோ ஓர் ஏரி. தண்ணீர் அடிவரை கறுப்பாகத் தெரியும்படி உறைந்திருந்தது. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது, விசில் ஊதுகிற ஆள் கிடையாது. ஒருவன் தன்னந்தனியாக வழுக்கிக்கொண்டு போனான். அவன் போகப் போக அடியிலிருந்து பனிக்கட்டி ஒரு மாதிரி முனகியது. தியாகு அந்த வீடியோவை மறுபடி பார்த்தார். பிறகு எத்தனை முறை பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது.

ஏன் அது அவரைப் பிடித்து ஆட்டியது என்று யோசித்துப் பார்த்தார். அவர் குடிக்கிற தண்ணீர் கடல்நீரில் உப்பை நீக்கி எடுத்தது. வீட்டு வாசலில் இருக்கிற புல், குழாய் போட்டு வளர்த்தது. குளிர், சுவரில் இருக்கிற பொத்தானில் இருந்து வருவது. இருபது வருடமாக அவர் தொட்டதெல்லாம் யாரோ ஒருவர் ஷிப்டு போட்டு ஓட்டுவது. யாரும் ஸ்விட்ச் போடாத ஒரு குளிரில், யாரும் கட்டாத ஒரு தரையில், சாவதற்குள் ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே பிரகடனம் செய்தார்.

"தாமரை, இந்த வருஷ லீவுக்கு நாம திருச்சிக்குப் போகல."

சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த தாமரை திரும்பவில்லை. "அப்ப எங்கீங்க போறோம்?"

"பின்லாந்து."

"அங்க யாருக்குங்க கல்யாணம்?"

நியாயமான கேள்விதான். வளைகுடாவில் லீவு என்பது கல்யாணம், கிரகப்பிரவேசம், பல் டாக்டர், மறுபடியும் கல்யாணம். சும்மா ஓர் ஊருக்குப் போவது என்பது அந்த வீட்டில் நடந்ததே இல்லை.

"யாருக்கும் கல்யாணம் இல்ல. அங்க ஏரியெல்லாம் உறைஞ்சு கிடக்கும். அது மேல நான் சறுக்கப் போறேன்."

"நீங்களா?"

"நானேதான்."

"பாத்ரூம்ல தண்ணி நின்னாவே செவுத்தப் புடிச்சுட்டு நடப்பீங்களேங்க."

"அது வழுக்கறது. இது சறுக்கறது. ரெண்டும் வேற."

தாமரை அடுப்பை அணைத்தாள். தியாகு சண்டைக்குத் தயாரானார். மகள் அனன்யா புனேக்குப் படிக்கப் போய்விட்டாள், இனி நமக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாமா என்று ஒரு முழுப் பேச்சே கைவசம் வைத்திருந்தார். ஆனால் அவளோ, "சரீங்க, போலாம்" என்றாள். பேச்சு வீணாகிப்போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"பின்லாந்துல எங்க சுஷ்மிதா இருக்காளேங்க. நானும் எத்தன வருஷமா சொல்றேன், அவள ஒருக்கா போய்ப் பாக்கலாம்னு."

"அடுத்தவங்க வீட்டு சோபால போய் உட்கார்றதுக்கா லீவு? நான் போற ஏரி வேற, அவங்க ஊரு வேற."

"நானும் அவளும் கோயமுத்தூருல பள்ளிக்கூடத்துல ஒரே டீமுங்க."

என்ன டீம் என்று தியாகு கேட்கவில்லை. அவர் அதற்குள் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி, நீலமாகத் தெரிகிற இடத்தையெல்லாம் தடவிக்கொண்டிருந்தார்.

"செரி, ஒரே ஒரு கண்டிஷனுங்க" என்றாள் தாமரை. "பிளாண்ட்டுல ஒருத்தன வேலைக்கு விடறதுக்கு முன்னால என்னவெல்லாம் பாப்பீங்களோ, அத்தனையும் ஏரிக்கும் பாக்கோணும். எனக்கு இருக்கறது ஒரே புருஷன். பெர்மிட் போடாம ஐஸ் மேல கால வெக்க உடமாட்டேன்."

தியாகுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் தொழிலுக்கு வீட்டில் இப்படி ஒரு மரியாதை இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரியும். உடனே ஒத்துக்கொண்டார்.

இங்கே அவர் தொழிலைச் சொல்லியாக வேண்டும். ஆலையில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கும் பெர்மிட் வேண்டும். இடம் பாதுகாப்பானது என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்பேனரைத் தொடலாம். தியாகு யூனிட்டில் அந்த ஒருவர் அவர்தான். அவரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் மராமத்து ஃபோர்மேன் ஷம்சாத் பாய்க்குத் தாடி ஓர் அங்குலம் வளர்ந்துவிடும்.

"தியாகு பாய், ஜல்தி சைன் கரோ. சின்ன வேலை."

"ஸ்டாண்ட்பை மேன் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கான். யல்லா, இதோ வந்துடுவான்."

"வேலை நடக்கற வரைக்கும் ஸ்டாண்ட்பை மேன் இடத்தை விட்டு நகரக் கூடாது. பெர்மிட் மாஃபி, கிடையவே கிடையாது."

ஸ்டாண்ட்பை மேன் என்றால், உள்ளே ஒருவன் வேலை செய்யும்போது வெளியே கயிறும் விசிலுமாக அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறவன். வேறு வேலை செய்யக் கூடாது. தியாகு ஆரம்ப காலத்தில் அதற்குப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கியவர். அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

ஏரி தேடும் படலம் தொடங்கியது. தினமும் டூட்டி முடிந்து வந்ததும் சாட்டிலைட் படம், அந்த ஊர்ச் சறுக்கல்காரர்களின் குறிப்பு, வானிலை என்று மூழ்கிவிடுவார். சின்ன ஏரிதான் முதலில் உறையும். ஏரியில் காற்று புகாத ஒதுக்கு இன்னும் நல்லது. பனித்தூவல் வந்து மூடுவதற்கு முன் போய்விட வேண்டும். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, வெற்றியோடு தாமரையிடம் காட்டுவார்.

"அழகா இருக்குதுங்க" என்பாள் அவள். "இந்த ஓரத்துல கோடு மாதிரி தெரியுதே, அது என்னங்க?"

"ஆறு. ஏரிக்குள்ள வந்து சேருது."

"அப்ப அடியில தண்ணி ஓடுமே. லைன்ல ஃப்ளோ இருந்தா நீங்க பெர்மிட் குடுப்பீங்களா?"

தியாகு போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "குடுக்க மாட்டேன்."

அடுத்த ஏரி காட்டுக்குள் இருந்தது. சுற்றி ஒரு வீடு இல்லை. அவர் கனவில் வந்தது போலவே இருந்தது.

"ஸ்டாண்ட்பை மேன் யாருங்க?"

"நீதான்."

"எனக்கு அந்த டிரெய்னிங் இல்லீங்களே. உங்களுக்குத்தான் இருக்குது."

அதுவும் போயிற்று. இன்னொன்றில் ஏற்கெனவே பனி மூடியிருந்தது. குத்துக்கோலால் குத்திப் பார்த்துக் கனத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று தியாகு விளக்கினார். "கண்ணுல படாதத பட்ட மாதிரி எழுதக் கூடாதுன்னு ஷம்சாத் பாயத் திட்டுனதா நீங்கதானுங்க வந்து சொன்னீங்க" என்றாள் தாமரை. அன்று முதல் தியாகுவுக்கு ஷம்சாத் பாய் மேல் ஓர் இரக்கம் பிறந்தது.

நடுவில் வெள்ளிக்கிழமைகளில் அபுதாபிக்குப் போய், மாலில் இருக்கிற சறுக்குத் தளத்தில் பழகினார். தாமரையும் கூட வந்தாள். முதல் நாள் அந்தக் காலணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல சக்கரம் கிடையாதுங்களா?" என்று கேட்டாள். தியாகு சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது கத்தி, தாமரை. கத்தி!" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

தளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்வதற்காகப் பிளாஸ்டிக் பென்குவின்கள் வைத்திருந்தார்கள். தியாகு ஒன்றைக் கட்டிக்கொண்டு சுற்றினார். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் இதை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுப்பார்.

"பென்குவின் பின்லாந்துல கிடைக்குங்களா?" என்றாள் தாமரை திரும்பி வரும் வழியில்.

"அங்க வேண்டியிருக்காது. நிஜ ஐஸ்ல பேலன்ஸ் தானா வரும்."

நவம்பர் வந்தது. டிக்கெட் போட்டாக வேண்டும். தியாகு தேடிய ஏரி ஒன்றுகூடப் பெர்மிட்டில் தேறவில்லை. ஒரு மாலை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சுது. திருச்சிக்கே போவோம்" என்றார். "ஏதோ ஒரு தடவ, யாரும் செஞ்சு வெக்காத எடத்துல நின்னு பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

தாமரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்திலும் விளையாட்டு இல்லை. "எனக்கும் ஒண்ணு இருந்துச்சுங்க" என்றாள். "இங்க ஒருத்தி சிநேகிதமானா, அவ வீட்டுக்காரருக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சா போயிடறா. எத்தன பேருக்கு சாமான் கட்டிக் குடுத்திருப்பேன். சின்ன வயசுல இருந்து என்னை என்னன்னு தெரிஞ்சவ சுஷ்மிதா ஒருத்திதான்."

தியாகுவுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது.

"அவ வீட்டுக்குப் பின்னாலயே ஒரு ஏரி இருக்குதாமா" என்று தொடர்ந்தாள் தாமரை. "ஆறு சேர்றதில்ல. சின்னது, சீக்கிரம் உறைஞ்சிருமாம். அவ வீட்டுக்காரரு அந்த ஊர்க்காரரு, சறுக்கற சங்கத்துல இருக்காரு. தெனமும் குத்திப் பாத்து அளவு சொல்லுவாராம். உழுந்தா ஓடி வந்து உக்காரக் கதகதப்பா வீடு இருக்குது. ஆஸ்பத்திரியும் பக்கம்."

தியாகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எத்தனை புரட்டினாலும் ஓட்டை கிடைக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமான பெர்மிட்டைப் பார்த்ததில்லை.

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"அடுத்தவங்க வீட்டு சோபான்னு சொன்னீங்களேங்க."

டிசம்பரில் அந்த சோபாவில் போய் உட்கார்ந்தார் தியாகு. நல்ல சோபா. சுஷ்மிதாவின் கணவர் அதிகம் பேசாதவர். ஏரி இன்னும் ஓரிரு நாளில் தயாராகிவிடும் என்றார். அதுவரை தியாகு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். தோழிகள் இருவரும் காலையில் ஆளுக்கொரு கனத்த பையோடு ஊருக்குள் காபி குடிக்கப் போய்விட்டு மத்தியானம் வந்தார்கள். இருவர் முகமும் தக்காளியாகச் சிவந்திருந்தது. காபி அவ்வளவு சூடு போலும் என்று தியாகு நினைத்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. வீடியோவில் பார்த்த அதே கறுப்பு. சுஷ்மிதாவின் கணவர் கோலால் குத்திக் குத்திப் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். தியாகு கத்திக் காலணியோடு கரையிலிருந்து இறங்கினார். நின்றார். காலுக்கு அடியில் எங்கோ தூரத்தில் பனிக்கட்டி முனகியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் ஓட்டாத குளிர், யாரும் கட்டாத தரை. அதன் மேல் நிற்கிறார்.

நின்றது அவ்வளவு நேரம்தான். காலை நகர்த்தியதும் வானம் தெரிந்தது. எழுந்தார். மறுபடி வானம் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த ஏரியில் பென்குவின் இல்லை.

தாமரை குனிந்து அவரைத் தூக்கி, கரையோரம் நிறுத்தினாள். அவர் கழுத்தில் விசிலை மாட்டினாள். கையில் மீட்புக் கயிற்றைக் கொடுத்தாள்.

"என்ன இது?"

"டிரெய்னிங் இல்லாத ஆள வேலைக்கு விடலாமுங்களா?"

"கூடாது."

"ஸ்டாண்ட்பை மேன் டிரெய்னிங் இங்க யாருக்குங்க இருக்குது?"

ஹாலில் மாட்டிய சான்றிதழ் தியாகுவின் கண் முன்னே வந்து போனது. அவர் பதில் சொல்வதற்குள் தாமரை கிளம்பிவிட்டாள். நடந்து அல்ல; அவள் காலிலும் கத்தி இருந்தது. ஒரு காலைத் தள்ளி, மறுகாலைத் தூக்கி, பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, வளைந்து, திரும்பி, பின்பக்கமாகவே வந்து அவர் முன்னால் நின்றாள். தியாகு அவளை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறார். இப்படிப் பார்த்ததே இல்லை. ஏதேதோ ஏரியின் ஆழமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்த அவருக்கு, கேட்காமல் விட்ட கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தாமரை... பள்ளிக்கூடத்துல நீங்க என்ன டீம்?"

"ரோலர் ஸ்கேட்டிங்குங்க. சக்கரம் வெச்சது. மாவட்டத்துல நான் ரெண்டாவது."

"அப்ப மொதல்ல வந்தது யாரு?"

ஏரியின் அந்தக் கோடியில் சுஷ்மிதா கையைத் தூக்கினாள்.

"அதைத் தீத்துக்கத்தானுங்க வந்திருக்கோம்" என்றாள் தாமரை, கையுறையை இழுத்து விட்டுக்கொண்டே. "எடத்த உட்டு நகராம நில்லுங்க. பந்தயத்துக்கு நீங்கதான் எல்லைக்கோடு."