மைக்கை அணைத்த பாய்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் என் பேச்சைப் பாதியில் நிறுத்தும் துணிச்சல் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது: மைக்செட் பாய். மற்றவர்கள் மரியாதையாகத் தூங்கிவிடுவார்கள்.

கூட்டம் நடத்துவது என் தொழில். ஓடை, ஏரி, காடு என்று எதற்காவது தகராறு வந்தால், எல்லாத் தரப்பையும் ஒரே பந்தலில் உட்காரவைத்து ஒரு முடிவுக்கு வரச் செய்ய வேண்டும். வீட்டில் இட்லியா தோசையா என்பதில் மட்டும் நானும் என் மனைவியும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மைக் வாடகைக்கு விடுகிறவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. கேட்டால் அந்தத் தொழிலில் நீடிக்க முடியாது. பாய் கேட்பார். சொன்னதையே ஒருவர் திரும்பச் சொன்னால் மைக்கை அணைத்துவிடுவார். ஒரு கல்யாண வாழ்த்துரையை இப்படி முடித்துவைத்தபோது, மாப்பிள்ளையே மேடையிலிருந்து இறங்கிவந்து கை குலுக்கினாராம்.

மலைமேல் கரியாலூரில் ஒரு கூட்டம். அருவிக்கு வருகிறவர்கள் எறியும் பாலிதீன் பைகள் ஓடையோடு இறங்கிக் கீழே நிலங்களில் ஒதுங்கும். அவற்றைத் தின்று செல்வி என்ற பெண்ணின் கறவை மாடு செத்துவிட்டது. பந்தலின் ஒரு கோடியில் செல்வியும் ஊர்க்காரர்களும், மறுகோடியில் அருவிக் கடைக்காரர்கள். நடுவில் சார்ட்டோடு நான்.

"நீடித்த வளர்ச்சி என்றால் என்ன?" என்று தொடங்கினேன். வட்டம் போட்டேன். அதற்குள் இன்னொரு வட்டம் போட்டேன். "ஆக, நீடித்த வளர்ச்சி என்பது..." என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன பாய், கரண்ட் போச்சா?"

"கரண்ட்டு இருக்குதுங்க சார். நீங்கதான் அங்கியே சுத்திக்கினு இருக்கீங்க. மாடு செத்துதே, அத்தப் பேசுங்க."

பாய் மைக்கை மறுபடி போட்டதும், பக்கோடா கடைக்காரர் எழுந்து அதைப் பிடுங்கினார். "எங்க மேல பழி போடாதீங்க! பழி போடாதீங்கன்றேன்!" மைக் மறுபடியும் அணைந்தது.

"அண்ணே, நீ சொல்றது ஒண்ணும் கேக்கல. கிட்ட வா," என்றார் செல்வி.

நாற்காலிகள் நகர்ந்தன.

"எம் மாட்டு வவுத்துல பூரா கவருதாண்ணே. பால் ஊத்திதான் பசங்கள படிக்க வெக்கிறேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "கவரு இல்லாம இன்னாத்துல கட்டிக் குடுக்கறதும்மா?"

"இலையில கட்டு. நாங்க தெச்சித் தரோம்."

"மழையில இலைக்கு எங்க போறது?"

"முன்னாடியே தெச்சி, காய வெச்சி அடுக்கிடுவோம்."

கத்தினார்கள், கோபித்துக்கொண்டு எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் முடிவானது: கடைகளில் இனி இலைதான்; வாரம் ஒருநாள் ஓடையை இரண்டு தரப்பும் சேர்ந்து சுத்தம் செய்வது. நான் எல்லாருக்கும் வடை எடுத்துக் கொடுத்தேன். அன்று உருப்படியாக நான் செய்தது அதுதான்.

என்ன உத்தி கையாண்டீர்கள் என்று எங்கள் தலைமை அலுவலகம் கேட்டது. 'மைக்செட் பாய்' என்று பதில் எழுதினேன். அது ஜப்பானியச் சொல்லா என்று கேட்டு மறுபதில் வந்தது.

கூட்டத்தன்று பாயின் வண்டியில்தான் மலை இறங்கினேன். வளைவுகளில் எனக்குக் குமட்டியது. பாய் வேகத்தைக் குறைத்து, சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

அடுத்த கூட்டம் வடக்கனந்தலில். மண்டபத்திலேயே மைக் இருக்கிறது, இலவசம் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு, பாய்க்கு போன் போட்டு வரச் சொன்னேன்.