செவுள் வெட்டிய அகராதி

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை நெடுகத் தேடினாலும், அகராதியை முகர்ந்து பார்த்தே அதன் வயதைச் சொல்லவல்லவர் ஒருவர்தாம் இருந்தார். எங்கள் கிளை நூலகத்தின் உதவியாளர். இயற்பெயர் பதிவேட்டில் உறங்கியது. வாசகர்களாகிய நாங்கள் அவரைச் 'செவுள்' என்றே அழைத்தோம்.

காரணம் உண்டு. பேரகராதிகளின் திறப்போரத்தில், எழுத்துக்கு ஒன்றாக, பெருவிரல் பொருந்தும் அரைவட்டப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள் அல்லவா? மீன் வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் அவர் அவற்றை விலக்கிப் பார்ப்பார். ஒருமுறை, பளபளக்கும் மேலுறையோடு 'புதிய பதிப்பு' ஒன்று வந்திறங்கியது. விலக்கினார், முகர்ந்தார்.

"இன்னா வாத்தியாரே, மேல புதுசா கீது, செவுளு பழுப்பா கீது. ஐஸுல வெச்ச மீனு இது."

உறையைக் கழற்றினோம். உள்ளே பழம்பதிப்பு. அன்று செக்கச் சிவந்திருந்தது விற்பனையாளரின் முகம் மட்டுமே.

நூலின் முதுகை உச்சியில் பற்றி இழுப்போரை அவர் பொறுத்ததே இல்லை. "உன்ன குடுமியப் புட்ச்சி இஸ்தா வருவியா நைனா? இடுப்பாண்ட புடி." கல்லூரி முதல்வரே ஆனாலும் நைனாதான்.

அந்நாளில் நான் நூலுறுப்புகளுக்குத் தமிழ்ச்சொற்கள் தொகுத்துக்கொண்டிருந்தேன். அப்பள்ளங்களுக்கு நான் புனைந்த பெயர் 'பெருவிரற்படு எழுத்துச்சுட்டுக் குழிவரிசை'. பெருமிதத்தோடு படித்துக் காட்டினேன்.

"இத்த நீ சொல்லி முடிக்கங்காட்டியும் நான் அகராதில அ-லேர்ந்து வ வரிக்கும் போய், டீ குட்ச்சிட்டே வந்துருவேன்" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "செவுளுன்னே போடு வாத்தியாரே. எங்கம்மா காசிமேட்டுல மீன் வித்துச்சு. எழுத்து தெரியாது. ஒரு நாளு எனக்கு சோறு எட்த்துகினு இங்க வந்தப்ப, இந்த வெட்டப் பாத்து அதுதான் அப்டி சொல்லிச்சு. அது பேச்சு ஒண்ணாச்சும் பொஸ்தகத்துல ஏறட்டுமே."

"சொல்லாய்வுக் குழு ஏற்காதப்பா" என்றேன். அக்குழுவின் தலைவர், செயலர், உறுப்பினர் அனைவரும் நான் ஒருவனே.

நூல் வெளிவந்தது. முதற்படியை அவரிடமே நீட்டினேன். சகரப் பக்கத்தைத் திருப்பினார்; விரல் ஒருமுறை மேலிருந்து கீழே இறங்கியது. மூடினார்.

"அட்டை ஜோரா கீது வாத்தியாரே."

அதன்பின் என் முன்னிலையில் அச்சொல்லை அவர் சொல்லவேயில்லை. ஓய்வு பெற்றார், ஈராண்டில் மறைந்தும் போனார்.

சென்ற திங்கள் நூலகத்திற்குச் சென்றேன். இப்போதைய நூலகர் ஓர் இளம்பெண். என் சொல்லைச் சொல்லியே அகராதி கேட்டேன், இருமுறை.

"உடம்பு முடியலயா சார்? உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

வேறு வழியில்லை. "செவுள் வெட்டிய அகராதி" என்றேன்.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா?" நூலின் இடுப்பைப் பற்றி எடுத்து வந்து தந்தார்.

வீடு திரும்பியதும் என் படியைத் திறந்தேன். என் தொடரை அடித்து, 'செவுள்' என்று எழுதினேன். சொல்லை வழங்கியவர் யார் என்று குறிக்க வேண்டுமே. மீன் விற்ற அந்த அம்மையாரின் பெயரை நான் கேட்டதேயில்லை. ஆகவே 'இன்னாரின் தாய், காசிமேடு' என்று குறித்து, இன்னார் என்னுமிடத்தில், நாங்கள் ஒருநாளும் அழைத்தறியாத அவர் மகனின் இயற்பெயரை முதன்முறையாக எழுதினேன்.