திரி வைத்த ரோமன் தூண்

அடுத்தவர் வீட்டில் தூசி தட்டுபவருக்கு ஒரு விதி உண்டு. ஒரு பொருள் உடைந்திருந்தால், கடைசியாகத் தொட்டவரே உடைத்தவர். இத்தாலியின் பலெர்மோவில் என் முதல் சிஞ்ஞோரா, அதாவது முதலாளி அம்மாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த விதியை நான் அளவுக்கு மீறி மதித்தேன்.

வரவேற்பறை அலமாரியில் ஒரு சாண் உயரப் பளிங்குக் கோயில் ஒன்று இருந்தது. சிஞ்ஞோரா வுச்சீரியா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரம், துடைக்கும் துணி இழுத்து அது கம்பளத்தில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். நாலு மூலைக்கு மூன்று தூண். கூரையில் பாதி இல்லை. (கூரையைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.) இந்த வேலையை நம்பித்தான் என் பெர்மெஸ்ஸோ. வேலை போனால் இத்தாலியில் இருக்கும் அனுமதியும் போய்விடும்.

சோபாவைப் புரட்டினேன். வாக்யூம் பையைக் கடதாசியில் கொட்டிக் கிளறினேன். தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரை மன்றாடினேன். அவரும் கைவிட்ட பிறகு கணவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சருங்கோ, தூணைக் காணேல்லை.”

“என்ன தூண்?”

“கோயில் தூண்.”

“நீ வீடு துடைக்கவெல்லோ போனனீ?”

ஞாயிறு பூசைக்கு வாங்கிய மெழுகுதிரி ஒன்று கைப்பையில் கிடந்தது. அதை அளவாக வெட்டி, பசை போட்டு, நாலாவது மூலையில் நிறுத்தினேன். மற்ற மூன்றையும்விட அது நேராக நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சிஞ்ஞோரா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இந்தத் தூணில் ஏன் திரி இருக்கிறது?” (இத்தாலியனில்தான் கேட்டார்.)

நான் அழுதுகொண்டே, உடைத்தது நான்தான் என்றேன்.

“நீ உடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ரோமில் இடிந்து கிடக்கும் கோயில்களைப் பார்க்கப் பயணிகள் வருவார்கள். அவர்களுக்கு நினைவுப்பொருளாக, இடிந்தபடியே சின்னதாகச் செய்து விற்றார்கள். இது என் கொள்ளுத்தாத்தா வாங்கியது.”

உடைந்த சாமானைப் புதிதாகச் செய்வார்கள், அதை ஆசையாக வாங்கவும் ஆள் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிஞ்ஞோரா பகேரியாவில் இருந்த தங்கைக்குப் போன் எடுத்தார். திரியின் கதை வந்ததும் போனுக்குள் எழுந்த சிரிப்பு சமையலறை வரை கேட்டது. என் வேலை போகவில்லை. அந்த ஞாயிறே தங்கை ரயிலேறி வந்து தூணைப் பார்த்துவிட்டுப் போனார்.

என் வீட்டில்தான் இந்தக் கதையை இன்னும் விடுகிறார்கள் இல்லை. போன பெருநாளுக்குச் சுட்ட வடையில் பாதித் தட்டைக் காணவில்லை. நான் தேடத் தொடங்க, என் கணவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தேடாதையப்பா. செய்யேக்கையே அரைவாசிதான்.”